படிப்பு எந்தப் பக்கம் சாய்க்கிறது?

யாராவது கொஞ்சம் பழைய கருத்தைச் சொல்லிவிட்டால் போதும், "இவ்வளவு படிச்சும் இப்படிப் பேசறீங்களே?" என்று கேட்க அங்கே ஒருவர் இருப்பார். அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. படிப்பு ஏற ஏற மனசு விரியும். மனசு விரிந்தவர் முற்போக்காகத்தான் இருப்பார். அப்படி ஆகாதவர் படித்தது வீண். எதிர்ப்பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு: கல்லூரிக்கு அனுப்பினால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும், அப்புறம் பெரியவர்கள் பேச்சு அதன் காதில் ஏறாது. இரண்டு தரப்பும் நம்புவது ஒன்றைத்தான், படிப்பு ஆளை மாற்றிவிடும் என்பதை. ஒருவருக்கு அது மகிழ்ச்சி, மற்றவருக்கு அது பயம்.

இதைப் பற்றி நடந்த ஆய்வுகளை நெடுநாளாகத் தேடிப் படித்து வருகிறேன். எனக்குக் கிடைத்த விடை இரண்டு தரப்புக்கும் முழுசாகப் பிடிக்காது. படிப்பு ஆளை மாற்றத்தான் செய்கிறது. ஆனால் அதில் பாடப்புத்தகத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சின்னது. படிப்போடு கூடவே வரும் சிநேகிதம், படிப்பால் கிடைக்கும் வேலை, பயமில்லாமல் கழியும் மாதக் கடைசி, இவைதான் பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. இதை ஒப்புக்கொண்டால் படிக்காதவரைப் பார்க்கும் பார்வையே மாறியாக வேண்டும். நான் இதை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1932இல் பென்னிங்டன் கல்லூரி பெண்களுக்கென்று திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பெண்கள். வீட்டில் பழமைப் பக்கம் நின்ற குடியரசுக் கட்சிதான் பேச்சு, அதற்குத்தான் ஓட்டு. ஆசிரியர்களோ வேறு மாதிரி. நாடே பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சீர்திருத்தங்களை ஆதரித்தவர்கள் அந்த ஆசிரியர்கள். அங்கே பாடம் நடத்திய சமூக உளவியலாளர் தியோடர் நியூகம்ப், மாணவிகளின் கருத்து ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்கிறது என்று குறித்துவைக்கத் தொடங்கினார். 1936 அதிபர் தேர்தலின்போது முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் பேர் குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் பக்கம் இருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அது 43 சதவீதம். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் 15 சதவீதம்தான்.

இதைக் காட்டி "பார்த்தீர்களா, படிப்பின் மகிமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நியூகம்ப் நகரவில்லை. யார் மாறினார்கள், யார் மாறவில்லை என்று ஒவ்வொருவராகப் பார்த்தார். கல்லூரியில் எல்லோரும் மதித்த, பொறுப்புகளுக்குத் தேர்ந்தெடுத்த மாணவிகள்தான் அதிகம் மாறியிருந்தார்கள். அந்தச் சின்ன ஊர் போன்ற வளாகத்தில் மதிப்பும் நட்பும் எந்தக் கருத்துக்குக் கிடைத்தனவோ அந்தக் கருத்துப் பக்கம் மனசு போனது. அம்மா அப்பாவோடு இறுக்கமாகப் பிணைந்திருந்தவர்களும், கல்லூரி வாழ்க்கையில் ஒட்டாமல் ஒதுங்கி இருந்தவர்களும் அவ்வளவாக மாறவில்லை. அவர்களுக்கும் அதே வகுப்பு, அதே ஆசிரியர், அதே நூலகம்தான்.

கால் நூற்றாண்டு கழித்து, 1960களின் தொடக்கத்தில், நியூகம்ப் அதே பெண்களைத் தேடிப் போனார். பெரும்பாலோர் கல்லூரியில் வந்து சேர்ந்த இடத்திலேயே இருந்தார்கள். தங்களைப் போலவே நினைக்கும் கணவனையும் நண்பர்களையும் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுற்றம் அவர்களை அங்கேயே வைத்திருந்தது. 1980களில் இன்னொரு முறை போய்க் கேட்டபோதும் சித்திரம் பெரிதாக மாறவில்லை.

சரி, ஆசிரியர்களும் வளாகமும் வேறு பக்கம் சாய்ந்திருந்தால்? இதற்குக் கற்பனை தேவையில்லை, கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் நடந்தது. உலகமே பாடம் கேட்கப் போன பல்கலைக்கழகங்கள் அவை. ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, 1931இல், நாஜி மாணவர் அமைப்பு ஜெர்மன் மாணவர் பேரவையின் தலைமையைப் பிடித்துவிட்டது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மாணவர் தேர்தல்களில் ஓட்டு வாங்கித்தான் வந்தார்கள். 1933 மே 10 அன்று நூல்களைக் குவித்துக் கொளுத்தியதை முன்னின்று நடத்தியதும் அந்த மாணவர் பேரவைதான். 1942 ஜனவரியில் ஐரோப்பிய யூதர்களை அழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைக்க வான்சே மாளிகையில் நாஜி அரசின் அதிகாரிகள் 15 பேர் கூடினார்கள். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொண்டு "படித்தால் மனசு விரியும்" என்ற வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். என்னால் முடிவதில்லை.

சமூகவியலாளர் ஃபிரெடெரிக் வெயில் 1985இல் சில நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஜனநாயகம் நெடுங்காலமாக வேரூன்றிய நாடுகளில் படிப்புக்கும் சகிப்புக்கும் உறவு வலுவாக இருந்தது. அப்படி இல்லாத இடங்களில் அந்த உறவு மெலிந்து போனது. நாடு எதை மதிக்கிறதோ, அதைப் பள்ளி கூடுதல் அழுத்தத்தோடு பிள்ளைக்குள் இறக்குகிறது. தாராளவாதத்தை மதிக்கும் நாட்டில் படித்தவர் தாராளவாதி. வேறொன்றை மதிக்கும் நாட்டில் அந்த வேறொன்றுக்குப் படித்தவரே முதல் வரிசையில் நிற்பார்.

சகிப்பை அளப்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிச வேட்டை உச்சத்தில் இருந்த 1954இல் சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டவுஃபர் ஒரு பெரிய கருத்தாய்வு நடத்தினார். ஒரு கம்யூனிஸ்ட்டை, ஒரு நாத்திகரை உங்கள் ஊரில் பேச விடலாமா, கல்லூரியில் பாடம் நடத்த விடலாமா, அவர் நூலை நூலகத்தில் வைக்கலாமா என்று கேட்டார். படித்தவர்கள் கூடுதலாக "விடலாம்" என்றார்கள். இந்த முடிவு பல ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டது. 1970களின் கடைசியில் அரசியல் ஆய்வாளர்களான ஜான் சலிவன், ஜேம்ஸ் பியர்சன், ஜார்ஜ் மார்கஸ் மூவரும் கேள்வியை மாற்றினார்கள். உங்களுக்கு எந்தக் கூட்டத்தைக் கொஞ்சமும் பிடிக்காதோ அதை நீங்களே சொல்லுங்கள், அவர்களைப் பேச விடுவீர்களா? இப்படிக் கேட்டதும் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இருந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. முந்தைய கேள்வியில் இருந்தவர்கள் பெரும்பாலும் இடதுசாரிகள், படித்தவர்களுக்கு அவர்கள்மேல் அவ்வளவு வெறுப்பு இல்லை. வெறுக்காதவரைப் பொறுத்துக்கொள்வதைச் சகிப்பு என்று எப்படிச் சொல்வது? தன் வயிற்றைப் பிரட்டும் கருத்தைச் சொல்பவரையும் பேசவிடுகிறவர் யார் என்பதுதான் உண்மையான சோதனை, அதில் பட்டத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண் கொஞ்சம்தான்.

படிப்புக்குத் தனியாக ஒரு விளைவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. மேற்கு ஐரோப்பாவில் சில நாடுகள் கட்டாயக் கல்வி வயதை உயர்த்தியபோது, சட்டத்தால் மட்டுமே கூடுதலாகப் படிக்க நேர்ந்தவர்களிடம் குடியேறிகள் மீதான வெறுப்பு குறைந்திருந்ததாக 2019இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் சுவிட்சர்லாந்தில் அதே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வு, வேறுபாட்டின் பெரும்பகுதி மேற்படிப்புக்குப் போவதற்கு முன்பே இருந்தது என்றது. அதாவது கல்லூரி வாசலை மிதிக்கும்போதே அந்தப் பிள்ளைகள் ஓரளவு அப்படித்தான் இருந்தார்கள். எந்த வீட்டிலிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு இது நம்மைக் கொண்டுபோகிறது.

இந்த விஷயத்தில் என்னை அதிகம் ஆட்கொண்டவர் அமெரிக்கச் சமூகவியலாளர் மெல்வின் கோன். 1950களில் வாஷிங்டனில் பெற்றோர்களிடம் அவர் கேட்டது எளிய கேள்வி: உங்கள் பிள்ளையிடம் எந்தக் குணம் முக்கியமாக இருக்க வேண்டும்? உடலுழைப்பு வேலை பார்த்த வீடுகளில் கீழ்ப்படிதல், ஒழுங்கு, சுத்தம் என்ற பதில்கள் அதிகம் வந்தன. அலுவலக வேலை, நிபுணர் வேலை பார்த்த வீடுகளில் ஆர்வம், சுயகட்டுப்பாடு, தானாக யோசிப்பது என்ற பதில்கள் அதிகம். இத்தாலியின் டூரின் நகரத்தில் கேட்டபோதும் இதே சாய்வு. 1964இல் அமெரிக்கா முழுக்க 3,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் கேட்டபோதும் இதே சாய்வு. பிற்பாடு போலந்திலும் ஜப்பானிலும்கூட இதை ஒட்டிய முடிவுகளே கிடைத்தன. ஒன்று அப்போது கம்யூனிச நாடு, மற்றொன்று ஆசிய முதலாளித்துவ நாடு.

ஏழைக்குக் கீழ்ப்படிதல், பணக்காரருக்குச் சுதந்திரம் என்று கோன் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒருவர் தலைமேல் மேற்பார்வையாளர் எவ்வளவு நேரம் நிற்கிறார்? வேலை எவ்வளவு சிக்கலானது? நாள் முழுக்க ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமா? இந்த மூன்றையும் கணக்கில் எடுத்தபோது வர்க்க வேறுபாட்டின் பெரும்பகுதி விளங்கிவிட்டது. வேலையில் தானே முடிவெடுக்க இடம் உள்ளவர் வீட்டிலும் அதையே மதிக்கிறார். பிள்ளைக்கும் அதையே சொல்லித்தருகிறார். சட்டம், அதிகாரம், புதியவர்கள், மாற்றம் எல்லாவற்றையும் அதே மனதோடு அணுகுகிறார். சக ஆய்வாளர் கார்மி ஸ்கூலரோடு சேர்ந்து பத்தாண்டு இடைவெளியில் அதே ஆட்களை மறுபடி பார்த்தபோது, சிக்கலான வேலை ஒருவரின் சிந்தனையையே நெகிழ்வாக்குவது தெரிந்தது. பள்ளிக்கூடத்தைவிட நீண்ட பள்ளி அந்த வேலை, முப்பது நாற்பது ஆண்டுகள் நடக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பாவின் குரல் கேட்டது. ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தவர். "சொன்னதைச் செய், எதிர்த்துப் பேசாதே" என்பதுதான் அவர் எங்களுக்குத் தந்த முதல் அறிவுரை, கடைசி அறிவுரையும் அதுதான். அவர் நின்ற இயந்திரத்துக்கு முன்னால் அது நூற்றுக்கு நூறு சரியான அறிவுரை. அங்கே சொந்த யோசனைப்படி நடந்தவர் விரலை இழப்பார், மேஸ்திரியை எதிர்த்தவர் அன்றைய கூலியை இழப்பார். நான் பார்க்கும் வேலையில் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்கள். பதில் சொல்லாதவர் மேலே போக முடியாது. அதனால்தான் என் மகளிடம் "ஏன்னு கேளு, கேட்காம ஒத்துக்காதே" என்று சொல்ல என்னால் முடிகிறது. அப்பாவின் பழமைக்கும் என் முற்போக்குக்கும் நடுவில் அறிவு வித்தியாசம் ஒன்றும் இல்லை. அவரவர் எந்த இடத்தில் நின்று சம்பாதித்தோம் என்ற வித்தியாசம்தான். என் பட்டம் செய்த பெரிய காரியம் என்னை அந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு நகர்த்தியது.

அரசியல் ஆய்வாளர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட் 1970களில் சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. நாட்டில் ஒழுங்கைக் காப்பது, விலைவாசியைக் கட்டுப்படுத்துவது, அரசின் முடிவுகளில் மக்களுக்கு அதிகப் பங்கு தருவது, பேச்சுரிமையைக் காப்பது, இந்த நான்கில் எது முக்கியம் என்று கேட்டார். வளரும் வயதில் பசியும் போரும் பார்த்தவர்கள் முதல் இரண்டைச் சொன்னார்கள். நிம்மதியாக வளர்ந்தவர்கள் பின்னிரண்டின் பக்கம் சாய்ந்தார்கள். படித்தவர்களில் பெரும்பாலோர் நிம்மதியான வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதையும் அவர் கவனிக்கத் தவறவில்லை.

இதுவரை சமூக விழுமியங்களைப் பற்றியே பேசினேன். பணம் என்று வந்தால் கதை வேறு. குடும்பம், மதம், பாலினம், குடியேறிகள் விஷயத்தில் தாராளமாக இருக்கும் படித்தவர், வரியும் பங்கீடும் பேச்சில் வந்தவுடன் அதே தாராளத்தோடு இருப்பார் என்று சொல்ல முடியாது. பொருளியலாளர்கள் தாமஸ் பிக்கெட்டி, அமோரி கெதின், கிளாரா மார்டினெஸ்-டொலெடானோ மூவரும் 21 மேற்கத்திய ஜனநாயக நாடுகளின் தேர்தல்களை 1948 முதல் 2020 வரை ஆராய்ந்தார்கள். 1950களிலும் 60களிலும் இடதுசாரிக் கட்சிகளின் பலமே படிப்பும் வருமானமும் குறைந்த மக்கள்தான். இன்று அந்தக் கட்சிகளுக்குப் பட்டதாரிகள் கூடுதலாக ஓட்டுப் போடுகிறார்கள். வருமானம் அதிகமுள்ளவர்கள் இன்னும் பெரும்பாலும் வலதுசாரிக் கட்சிகளோடுதான் நிற்கிறார்கள். படித்த மேல்தட்டு ஒரு பக்கம், பணக்கார மேல்தட்டு மறுபக்கம். இரண்டும் இல்லாதவர்களின் வீட்டுக் கதவை யார் தட்டுகிறார்கள்? ஏழையின் கட்சி என்று சொல்லிக்கொள்ளும் கட்சி, ஏழை பேசும் விதத்தைக் கேட்டு முகம் சுளிக்கத் தொடங்கினால் ஏழை எங்கே போவார்? பழமைவாதத்தின் பக்கம் போனார் என்று அவரைப் பழிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒரு சின்ன விலகல். சுதந்திரத்தைப் பற்றி 1859இல் எழுதி, தாராளவாதத்தின் ஆசானாகப் போற்றப்படும் ஜான் ஸ்டூவர்ட் மில், அந்தச் சுதந்திரம் "பின்தங்கிய" சமூகங்களுக்குப் பொருந்தாது என்று அதே எழுத்தில் விலக்கு வைத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். பழமைவாதத்தின் ஆசானாகப் போற்றப்படும் எட்மண்ட் பர்க், அதே கம்பெனியின் கொடுமைகளுக்காக வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது 1788இல் தொடங்கிய நாடாளுமன்ற விசாரணையை ஆண்டுக்கணக்கில் நடத்தினார். பழைய சமூகங்களைக் கண்டபடி கலைக்கக் கூடாது என்ற அவருடைய நம்பிக்கைதான் அவரை அங்கே கொண்டு நிறுத்தியது. பழமைவாதத்தைப் படிப்பறிவின்மை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு பர்க் நினைவுக்கு வருவார்.

படிப்பு நிச்சயமாகத் தருவது ஒன்று உண்டு: வாதாடும் திறமை. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டான் கஹானும் சகாக்களும் 2013இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே எண்களை ஒரு கூட்டத்துக்குத் தோல் களிம்பின் பலன் என்றும், இன்னொரு கூட்டத்துக்குத் துப்பாக்கித் தடைச் சட்டத்தின் பலன் என்றும் கொடுத்தார்கள். களிம்பு என்றபோது கணக்கில் கெட்டிக்காரர்கள் சரியாகப் பதில் சொன்னார்கள். துப்பாக்கி என்றபோது அதே கெட்டிக்காரர்கள் அவரவர் கட்சிக்குத் தோதான விடைக்கே போய்ச் சேர்ந்தார்கள். கணக்குத் தெரியாதவர்களைவிட அவர்களிடம்தான் பிளவு ஆழமாக இருந்தது. தாராளவாதி, பழமைவாதி என்ற பேதம் இதில் இல்லை.

அப்படியானால் பள்ளிக்கூடத்தால் என்னதான் முடியும்? நிறைய முடியும், ஆனால் பாடத்திட்டத்தில் நல்ல வாக்கியங்களைச் சேர்ப்பதால் முடியாது. பிள்ளைகளை எப்படி உட்கார வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. 1971இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரத்தில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிகப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டபோது அடிதடி மூண்டது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒரு வழி கண்டார். வகுப்பை ஐந்தாறு பிள்ளைகள் கொண்ட கலப்புக் குழுக்களாகப் பிரித்து, பாடத்தையும் துண்டுகளாக்கி, ஆளுக்கு ஒரு துண்டைக் கொடுத்தார். பக்கத்துப் பிள்ளை சொல்லித்தந்தால்தான் தன் தேர்வு தேறும். பிள்ளைகளுக்குள் வெறுப்பு குறைந்தது, பள்ளிக்கு வரும் ஆசை கூடியது. சமத்துவத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் நம்பித்தான் ஆக வேண்டும் என்று நாற்காலிகளை மாற்றிப் போட்டார்கள். பென்னிங்டனில் தற்செயலாக நடந்ததை இவர் யோசித்துச் செய்தார் என்றுதான் இதைப் பார்க்கிறேன்.

பள்ளிக்கு இவ்வளவு சக்தி உண்டு என்றால், பழமையைப் போற்றும் பெற்றோர் பயப்படுவது நியாயம்தான். அந்தப் பயத்தை எள்ளி நகையாடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் பழைய முறைப்படி வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் எட்டாம் வகுப்போடு பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் படித்தால் போட்டி மனமும் வெளியுலக ஆசையும் வந்து சமூகம் கலைந்துவிடும் என்பது அவர்கள் கணிப்பு. விஸ்கான்சின் மாநிலச் சட்டமோ 16 வயது வரை படிக்க வேண்டும் என்றது. மூன்று தந்தையருக்கு ஆளுக்கு 5 டாலர் அபராதம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972இல் பெற்றோர் பக்கம் தீர்ப்பானது. நிலத்தில் உழைத்துக் கற்றுக்கொள்வதும் கல்விதான், மதச் சுதந்திரத்தை மீறி இந்த ஒன்றிரண்டு ஆண்டுகளைக் கட்டாயப்படுத்த அரசு தகுந்த காரணம் காட்டவில்லை என்றது நீதிமன்றம்.

பெற்றோரின் கணிப்பு சரி, நீதிமன்றம் அவர்களுக்குக் காட்டிய மரியாதையும் சரி. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே அமைத்துக்கொண்ட, யாருக்கும் தொல்லை தராத ஒரு சமூகத்தைப் பள்ளிக்கூடத்தை வைத்துக் கரைப்பதை முன்னேற்றம் என்று என்னால் கொண்டாட முடியாது. ஆனால் அந்த வழக்கில் என் மனசுக்கு நெருக்கமானது நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய பகுதி மறுப்பு. பெற்றோருக்கும் அரசுக்கும் நடந்த வழக்கில், படிக்க வேண்டியவர்களின் விருப்பம் என்ன என்று அவர் கேட்டார். மூன்று பிள்ளைகளில் ஒருத்தி மட்டுமே சாட்சி சொல்லியிருந்தாள், அவள் தன் நம்பிக்கைப்படியே பள்ளியை விட்டதாகச் சொன்னாள். அவள் வரைக்கும் டக்ளஸ் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். மற்ற இருவரும் என்ன நினைத்தார்கள் என்பது பதிவாகவே இல்லை. பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் அவர்கள். மேலே படிக்க ஆசைப்பட்டிருக்கலாம், வீட்டோடு இருக்கவே விரும்பியிருக்கலாம். தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் அந்த இருவரையும் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.